ஜவானும் பத்து நாளும்

அறுபத்தெட்டாம் வருஷத்தில் பிள்ளையார்பாளையத்து நாய் ஒன்றுக்குச் சொந்தமாகப் பெயர் இருந்ததென்றால் அது கொடுத்துவைத்த நாய் என்று அர்த்தம். மற்றவை கருப்பு, செவலை, 'சீ போ' என்ற மூன்று பெயர்களுக்குள்ளேயே காலம் தள்ளின. பட்டு நெசவாளி குமாரசாமி வீட்டு நாய்க்கு ஜவான் என்று பெயர். பாகிஸ்தான் சண்டை நடந்த வருஷம் மழைக்கு ஒதுங்கிய குட்டியாக வந்து, நேராகத் தறிக்கு அடியில் கால் மிதிக்கும் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. டீக்கடை ரேடியோவில் சண்டைச் செய்தி கேட்டுவிட்டு வந்த எதிர்வீட்டுப் பரமசிவம் எட்டிப் பார்த்து, "பதுங்குகுழிய உட்டு வரமாட்டேங்குது பாரு, இதாம்பா ஜவான்" என்றான். அன்றைக்கு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

குமாரசாமிக்கு இப்போது எண்பது ஆகப் போகிறது. தன் வாழ்க்கையில் எந்த வருஷத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அறுபத்தெட்டைத்தான் சொல்வார். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். அப்போது அவருக்கு முப்பது வயது. விடிந்ததும் தெருவில் முதல் தறி யாருடையது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மனைவி கமலாட்சி ராட்டை முன்னால் உட்கார்ந்து, நாடாவுக்குப் போகும் குச்சியில் இழையை ஏற்றித் தார் சுற்றுவாள். ராட்டைக்கும் தறிக்கும் நடுவில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் தாண்டித்தான் போகவேண்டும் என்கிற மாதிரி ஜவான் படுத்திருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லாத வீடு. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைச் சுற்றிச் சுற்றிக் கமலாட்சியின் கால்தான் தேய்ந்தது. அந்த வீட்டில் ஒரு நாய்க்கு எவ்வளவு செல்லம் கிடைக்குமோ அவ்வளவும் ஜவானுக்குக் கிடைத்தது. ஏழாம் வருஷம் கமலாட்சி உண்டானாள். அப்போதும் செல்லம் குறையவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தை மாதத்து வியாழக்கிழமை. குமாரசாமி ஜரிகை வாங்கக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, கமலாட்சி தறிக்குழி ஓரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜவான் கஞ்சி குடிக்கலீங்க. வாய்ல எச்சி ஊத்திக்கினே இருக்குது" என்றாள்.

குழிக்குள் நாய் தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தது. வாயிலிருந்து கோழை கயிறு கயிறாக இறங்கியது. முன்னங்காலால் தாடையை விடாமல் பிறாண்டிக்கொண்டது. குமாரசாமி கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான். ஆசையாக முகத்தைக் கொண்டு வந்தது. நாக்கு தண்ணீரில் பட்டதும் உடம்பெல்லாம் உதறிக்கொண்டு பின்வாங்கியது. குரைக்க முயன்றபோது வந்த குரல் அதனுடையதே இல்லை.

"முள்ளு கிள்ளு மாட்டிக்கிச்சோன்னு வாய்ல கைய உட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஆப்புடல" என்றாள் கமலாட்சி. அவள் மணிக்கட்டில் பல் கீறிய கோடு ஒன்று இருந்தது. அதில் எச்சில் இன்னும் காயவில்லை.

குமாரசாமி துண்டால் அதைத் துடைக்கக் குனிந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து பரமசிவத்தின் குரல் வந்தது. "தண்ணியப் பாத்துப் பயப்படுது, வாய்ல நுர, கொரலு மாறிப்போச்சு. இன்னும் இன்னா பாக்கணும்பா? வெறி."

அந்தச் சொல் தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி வர ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலை பரமசிவம் தன் பாவை, அதாவது சேலைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகளை, தெருவில் நீட்டிக் கஞ்சி போட ஏற்பாடு செய்திருந்தான். பாவு நீட்டினால் தெரு முழுக்கப் பட்டு. இரண்டு பக்கமும் எட்டு ஆள் வெறுங்காலோடு நின்று வேலை செய்யவேண்டும். வெறிநாய் இருக்கிற தெருவில் எவன் காலை வைப்பான்? முனிசிபாலிட்டி ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிடலாம், அவன் ஒரே அடியில் முடித்துவிடுவான் என்றார்கள். பரமசிவம் அதைச் சொல்லும்போது ஜவான் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

அன்றைக்கே போய்க் காட்டிய பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான் காரியத்தை வேறு விதமாகத் திருப்பினார். கமலாட்சியின் மணிக்கட்டைக் கழுவி மருந்து வைத்துவிட்டு, "நாயைக் கொல்லாதீங்க. கொன்னுட்டா அதுக்கு என்ன வியாதின்னு கடைசி வரைக்கும் தெரியாது. தெரியலைன்னா இந்தம்மாவுக்குத் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போட்டே ஆகணும். ஏழு மாசம். நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன். மாட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. பத்தாம் நாள் உயிரோட இருந்தா வெறி இல்லை. ஆனா திங்கட்கிழமைக்குள்ள நாய் படுத்துதுன்னா யோசிக்காம ஊசிக்கு வந்துடணும்" என்றார்.

அதாவது ஜவான் பத்து நாள் உயிரோடு இருந்தாகவேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் கமலாட்சி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஆறு வருஷம் கழிச்சு வந்த வயித்துல ஊசியா" என்று மட்டும் சொன்னாள். அவள் அழவில்லை. பரமசிவம் முணுமுணுத்துக்கொண்டே பாவைத் தள்ளிப்போட்டான்.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் இல்லை. வாலாஜாபாத்தில் மாடுகளுக்கு ஊசி போடும் முகாமுக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். வெறிநாயைப் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றமுடியாது. கடைசியில் கை கொடுத்தவர் முனிசாமி நாயக்கர். ஏனாத்தூரிலிருந்து மாட்டுவண்டியில் விறகு கொண்டு வந்து விற்பவர். விறகை இறக்கிய கையோடு, "ஏத்து மொதலியாரே. என் மாடுங்க நாய்க்குப் பயப்படாது. நான் பயப்படுவேன், அது வேற கதை" என்றார்.

ஜவானின் கால்களைக் கட்டி, கோணியில் சுற்றி, வண்டியில் வைக்கோல் மேல் கிடத்தினார்கள். ரோட்டோரத்தில் புளியமர நிழல் விழுந்து விழுந்து விலகியது. தை மாதத்துக் காற்றில் அறுத்த நெல்லின் வாசனை. வழியெல்லாம் முனிசாமி நாயக்கர் தனக்குத் தெரிந்த வைத்தியம் அத்தனையும் சொல்லிக்கொண்டு வந்தார். நாக்கில் பூச்சி என்றார். பிறகு கண்ணேறு என்றார். அடுத்த மைலில் நாய் எதையோ நினைத்து ஏங்குகிறது என்றார். குமாரசாமி கோணிக்கு மேலாக நாயின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தான். எந்நேரமும் அது திரும்பிக் கடிக்கும் என்று பயமாகத்தான் இருந்தது. கை மட்டும் தடவுவதை நிறுத்தவில்லை.

வாலாஜாபாத் முகாமில் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. டாக்டர் அர்ஜுனன் இளவயதுக்காரர். ஜவானை இரண்டடி தள்ளி நின்றே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வெறியா இருக்கலாம். தொண்டையில என்னமோ சிக்கியிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். வாயைத் திறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். பிறகு, "கையை விடறது யாரு?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருந்திருக்கும்.

"நான் உடறேன்" என்றான் குமாரசாமி.

வேட்டி ஓரத்தைக் கிழித்து மேல்தாடையில் ஒன்று, கீழ்தாடையில் ஒன்று என்று சுருக்குப் போட்டார்கள். கீழ்ச் சுருக்கை முகாம் ஆள் ஒருவர் பிடித்தார், மேல் சுருக்கை முனிசாமி நாயக்கர் பிடித்தார். சாமி பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே பிடித்தார். குமாரசாமி கையை விட்டு நாக்கை ஒதுக்க, டாக்டர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். எலும்பு இல்லை, முள் இல்லை, புண்கூட இல்லை. உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணுமே காணோமே" என்றார். ஏதாவது இருக்கவேண்டும் என்று குமாரசாமி அவ்வளவு வேண்டியிருந்தான்.

கையை எடுக்கப் போனவன், எடுப்பதற்கு முன் ஆள்காட்டி விரலை நாக்குக்கு அடியில் ஒருமுறை ஓட்டினான். நாக்கின் அடி வேரில் விரல் நின்றது.

"சார், இழ இருக்குது" என்றான்.

"என்ன இழை?"

"பட்டு. நாக்கச் சுத்திப் போட்டுக்கினு உள்ளாற போவுது. பாவு இழ சார், முறுக்கு தெரியுது."

டாக்டர் மறுபடி டார்ச் அடித்தார். சதையும் கோழையும் ஒரே சிவப்பாகத் தெரிந்தன. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். குமாரசாமி தன்னை அறியாமலே இழையை நெருடி, சிக்கெடுப்பது போல மெல்ல இழுக்க ஆரம்பித்தான். சிக்கிய இழையை அறுக்காமல் விடுவிப்பதுதான் அவன் கைக்குத் தெரிந்த தர்மம். டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இழுக்காதீங்க. மறுமுனை குடல்ல இருந்தா குடலையே அறுத்துடும். இருக்கறது இழைதான்னா, அந்த இடத்திலேயே வெட்டி விட்டுடுங்க. வயித்தோட போய்டும். போகலைன்னா நாய் போய்டும்."

சின்னக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார். விரல் காட்டிய இடத்தில் குமாரசாமி கண்ணால் பார்க்காமலே வெட்டினான். ரத்தம் வந்தது. ஜவான் வலியில் உதறி ஒரு முழுங்கு முழுங்கியது. டாக்டர் துணியால் துடைத்துத் தேடினார். துணியில் ரத்தமும் எச்சிலும்தான் வந்தன.

"நான் பாக்கலை. நீங்க சொல்றதை வெச்சுத்தான் சொல்றேன். இழைன்னா இது வெறி இல்லை. உங்க வீட்டம்மாவுக்கு ஊசியும் வேண்டாம். ஆனா அது இழைதானான்னு உங்க விரலுக்குத்தான் தெரியும்" என்றார்.

"நெசவாளி வெரலு சார். தப்பாது" என்று முனிசாமி நாயக்கர் குமாரசாமிக்காகப் பதில் சொன்னார்.

திரும்பி வரும்போதுதான் குமாரசாமிக்கு அந்த இழை எப்படி உள்ளே போயிருக்கும் என்று உறைத்தது. பாவுக்குப் போட்டு மிஞ்சிய அரிசிக்கஞ்சியைத் தெருவில் எல்லாருமே நாய்க்கு ஊற்றுவதுதான் வழக்கம். அறுந்த இழைத்துண்டுகள் அதில் மிதக்கும். யாரும் எடுத்துப்போட்டதில்லை. பட்டுக்குத் தீட்டு இல்லை என்றே வளர்ந்த ஜனங்கள். புழுவின் வாயிலிருந்து வந்தது நாயின் வாய்க்குள் போனால் என்ன ஆகிவிடும் என்று பரமசிவம்கூட ஒருமுறை சிரித்திருக்கிறான். ஊரில் எந்தக் குடியானவனாவது நூல் மிதக்கிற கஞ்சியை நாய்க்கு வைப்பானா? நான்தான் மூன்று வருஷமாகக் கையால் வைத்திருக்கிறேன் என்று குமாரசாமி நினைத்துக்கொண்டான். வெட்கமாக இருந்தது.

வீட்டில் "பட்டு இழ ஒண்ணு நாக்குல மாட்டியிருந்துச்சு, வெட்டியாச்சு" என்று சொன்னதும் கமலாட்சி கண்ணை மூடித் திறந்தாள். அன்று எச்சில் ஒழுகுவது குறைந்தது. தெருவும் கொஞ்சம் மூச்சு விட்டது.

சனிக்கிழமை ஜவான் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காது அசையவில்லை. வயிறு ஒட்டி, கண் பாதி மூடி, மூச்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பரமசிவம் வாசலில் வந்து நின்றான். சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"குமாரசாமி, தப்பா நெனச்சுக்காத. இழையின்னியே, எடுத்துக்கினு வந்தியா? டாக்டராவது பாத்தாரா?"

"பாக்கல."

"நாக்குக்கு அடியில நரம்புகூட இழ மாதிரிதாம்பா இருக்கும். நம்ம கைக்குத் தொட்டதெல்லாம் இழையாத்தான் தெரியும்." திரும்பி நடக்கப் போனவன், "எனக்கும் அந்த நாய்மேல பிரியந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பேச்சு குமாரசாமியைத் தின்றது. பத்து வயதிலிருந்து இழையைத் தொட்டுத் தொட்டு உலகமே இழையாகிவிட்ட கை. வெட்டியபோது ரத்தம் வந்ததே, நரம்பைத்தான் வெட்டினோமோ? இழை வேண்டும் வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விரலை விட்டவனுக்கு விரல் வேறு எதைச் சொல்லியிருக்கும்? அந்த ஒரு விரலை நம்பிப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் பணயம் வைத்துவிட்டோமோ என்று நினைத்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

"டாக்டர் சொன்ன கெடு நாளைக்கு. ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்" என்றான் கமலாட்சியிடம். "எனக்கு நிச்சயமாத் தெரியல."

"உங்க கையி பொய் சொல்லாதுங்க" என்றாள் அவள்.

"தெரியல கமலாட்சி. நெஜமா எனக்குத் தெரியல."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை குமாரசாமி கிணற்றடியில் குளித்துவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டிருந்தான். கமலாட்சி வீட்டுக்குள்ளிருந்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு வேக வேகமாக வந்தாள். உள்ளங்கையில் ஈர இழை ஒன்று சுருண்டிருந்தது. மாம்பழ நிறம்.

"வந்துடுச்சுங்க. காத்தால அது படுத்த எடத்துலயே வெளிக்கிப் போயிருந்துச்சு, அதுல கெடந்துச்சு. கழுவிக்கினு வந்தேன். பாருங்க, இழதான்" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

குமாரசாமி இழையை வாங்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒருமுறை உருட்டினான்.

அது ஊடை இழை. சேலையில் குறுக்கே ஓடுகிற, முறுக்குத் தளர்ந்த, மெத்தென்ற இழை. அவள் தினமும் ராட்டையில் தார் சுற்றுகிற அதே இழை. கஞ்சியையே கண்டிராதது. நாய் வயிற்றுக்குள் ஒரு நாளும் போகாதது. வாலாஜாபாத்தில் அவன் விரல் தொட்டதோ நீளவாக்கில் ஓடும் பாவு இழை, கஞ்சி ஏறி, முறுக்கு விறைத்து நின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ளதைப் போன்றது. வீட்டில் அவன் வெறும் 'இழை' என்றுதான் சொல்லியிருந்தான். அதனால் கமலாட்சி கைக்கு எட்டிய இழையை எடுத்து நனைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முதலில் கோபம் வந்தது. விளையாடுகிற விஷயமா இது? கோபம் வாய்க்கு வருவதற்குள் வேறொன்று புரிந்தது. கண்ணால் பார்த்துக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. தொட்ட மாத்திரத்தில் இது ஊடை என்று விரல் சொல்லிவிட்டது. இது உண்மையாக இருக்கவேண்டும் என்று அவன் மனசு எவ்வளவு கெஞ்சியும் விரல் மசியவில்லை. ஆசைக்குப் பொய் சொல்லாத விரல் அன்றைக்கு மட்டும் சொல்லியிருக்குமா? நாக்கடியில் இருந்தது இழைதான். பாவு இழைதான்.

மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. கமலாட்சி பயந்த கண்களோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதான்" என்றான் குமாரசாமி. "ஆஸ்பத்திரிக்கு வேணாம்."

இழையை மடியில் முடிந்துகொண்டான். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் தூரத்திலிருந்தே காட்டினான். பரமசிவம் கையில் மட்டும் கொடுக்கவில்லை. அவனும் நெசவாளிதான், அவனுக்கும் விரல் இருந்தது.

அன்றிலிருந்து குமாரசாமி நிம்மதியாகத் தறியில் உட்கார்ந்தான். மத்தியானம் ஜவானின் உதட்டில் மோர்ச் சொட்டு விட்டான். புதன்கிழமை அது வாலை ஓர் அங்குலம் அசைத்தது. வெள்ளிக்கிழமை எழுந்து, தள்ளாடி, கொல்லைப்பக்கம் போய் வந்தது. உண்மையான இழை எப்போது எங்கே விழுந்ததோ, யாரும் பார்க்கவில்லை. கமலாட்சிதான் ஒரு மாதிரியாக இருந்தாள். பேச்சு குறைந்துபோயிற்று. தார் சுற்றும்போது கை நின்று நின்று ஓடியது. மணிக்கட்டுக் கீறலை முந்தானையால் மூடி மூடி வைத்துக்கொண்டாள். ஏழு மாத வயிற்றுக்காரிக்கு உள்ள அசதி என்று குமாரசாமி நினைத்துக்கொண்டான். ஆண்பிள்ளைகள் அப்படித்தான் எதையாவது நினைத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை, பத்தாம் நாள். கிணற்றடியில் கமலாட்சி வாளியை இறக்கி வைத்தாள். ஜவான் நடந்து வந்து, வாளிக்குள் முகத்தை விட்டு, சளக் சளக்கென்று தண்ணீர் குடித்தது. பாதி வாளியைக் காலி செய்துவிட்டு, மூக்கில் நீர் சொட்ட நிமிர்ந்து, எதிர்வீட்டைப் பார்த்து ஒரு குரை குரைத்தது. அது அதனுடைய சொந்தக் குரல்.

கமலாட்சி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளாக அழாதவள் அழ ஆரம்பித்தாள். குமாரசாமி ஓடிவந்தான்.

"பயமா இருந்துச்சுங்க" என்றாள் விம்மலுக்கு நடுவே. "அத நம்பித்தான நீங்க ஊசி வேணாம்னுட்டீங்க. அந்த இழ... அது நான்..."

"தெரியும்" என்றான் அவன். "ஊட இழ. கையில வாங்கினப்பவே தெரியும்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சா ஏன் அன்னிக்கு இதான்னு சொன்னீங்க?"

அவன் விரலைப் பற்றிச் சொன்னான். அவளுடைய பொய்யைத் தொட்டதால்தான் தனக்கு நிச்சயம் வந்தது, அன்றிலிருந்து தனக்குப் பயமே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப இந்த அஞ்சு நாளா" என்றாள், "நான் ஒருத்திதான் பயந்துக்கினு இருந்தனா?"

மாசியைத் தாண்டிப் பங்குனிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தையல்நாயகி என்று பெயர் வைத்தார்கள். ஜவான் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. கமலாட்சி போய் இப்போது நாலு வருஷம் ஆகிறது. கூட வாழ்ந்த காலத்தில் அவள் அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்கவே இல்லை. குமாரசாமிதான் இன்றைக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.